கை, கத்தி, வாய்

இன்று காலை கிளினிக்குக்குப் போகும் வழியில், ஸ்கூடாய்க் கடைவரிசையில் புதிதாக வந்திருக்கும் குளிர்பானக் கடைக்கு முன்னால் நின்றுவிட்டேன். கண்ணாடிக் கதவில் ஒரு சிவப்புக் காகிதம், அதில் சில சீன எழுத்துகள். அவற்றில் ஒன்று உன் பெயரின் முதல் எழுத்து. எனக்கு அடையாளம் தெரிந்த சீன எழுத்துகளே இரண்டுதான், அதில் இது ஒன்று என்பது உனக்குத் தெரியாததா? நான் நகராமல் நிற்பதைப் பார்த்துக் கடைப்பெண் கதவைத் திறந்தாள். "ஆன்ட்டி, மாவ் கெர்ஜா கா?" என்றாள். வேலைக்கு ஆள் தேவை என்ற அறிவிப்பாம் அது. அறுபதைத் தாண்டி, முட்டி தேய்ந்துபோனவளை வேலைக்குக் கூப்பிடுகிறாளே என்று சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கிவிட்டது.

கூப்பிடுவது. அதுதான் அந்த எழுத்துக்குப் பொருள். வேலைக்கு ஆள் கூப்பிடவும், பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூப்பிடவும், கடைக்கு அதிர்ஷ்டத்தைக் கூப்பிடவும் அதே எழுத்துதான். உன் கோழிச்சோற்றுக் கடை மேசையில் நாள் முழுக்கக் கையாட்டிக்கொண்டிருந்த மஞ்சள் பூனையின் வயிற்றிலும் அது இருந்தது. "பூனைக்கும் எனக்கும் ஒரே பேருலா. அது சும்மா கைய ஆட்டிக்கிட்டு இருக்கு, நான் கோழி வெட்டுறேன்" என்பாய்.

நாம் சந்தித்த நாள் நினைவிருக்கிறதா? தடுப்புச் சுவர் ஒன்றுதான், இரண்டு வீடுகள். நான் வீடு மாறி வந்த முதல் நாள், முன்வாசல் சிமெண்டுத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன். சீனத்தியான நீ உன் பக்கத்துக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "என்னா, புதுசா வந்திருக்கீங்களா? பேரு என்னா?" என்று அச்சு அசலாக ரப்பர் தோட்டத்துத் தமிழில் கேட்டாய். என் கையிலிருந்த வாளி நழுவிவிட்டது. ரெங்கத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் உன் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார், எங்கள் ஆட்களோடு பேசிப் பேசியே நீ வளர்ந்தாய் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

நான் "பொண்ணு" என்றேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வந்தேன். நீ விடவில்லை. "பொண்ணுன்னு யாராச்சும் பேரு வெப்பாங்களா? முழுப் பேரு சொல்லுங்க."

"போதும்பொண்ணு."

வீட்டில் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தவள் நான். பெண் பிறந்தது போதும், அடுத்ததாவது பையனாகக் கொடு சாமி என்று என் தலையில் வைத்த வேண்டுதல் அந்தப் பெயர். பள்ளியில் பெயர் கூப்பிடும்போதெல்லாம் கூனிக் குறுகியிருக்கிறேன். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோதும் பாதிப் பெயரைத்தான் சொன்னேன். நீயும் சிரிப்பாய் என்று காத்திருந்தேன். நீ சிரிக்கவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு வந்து, ஈரச் சிமெண்டில் குந்தி உட்கார்ந்தாய்.

"அலமாக். எனக்கும் அதே கதைதான்."

சோப்பு நுரையில் விரலால் எழுதிக் காட்டினாய். நேராக ஒரு கோடு, அடியில் தூண்டில் போல் ஒரு வளைவு, குறுக்கே இரண்டு கீற்று. "இது கை. இப்படித்தான் இடது பக்கம் ஒட்டிக்கிட்டு நிக்கும். கை பக்கத்துல நின்னா, அந்த எழுத்து கையால செய்யற வேலைன்னு அர்த்தம்." வலப்பக்கம் மேலே கத்தி, கீழே வாய். மூன்றும் சேர்ந்தால் கூப்பிடுவது. அடுத்த எழுத்து, தம்பி. உன் பெயரே 'தம்பியைக் கூப்பிடு' என்பதுதான். நுரை வடிந்து எழுத்து கலைகிற வரைக்கும் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகுதான் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு வாங்க போங்க எல்லாம் போய், நீ நான் என்றாகிவிட்டது.

உன் பெயர் பலித்தது. இரண்டே வருடத்தில் தம்பி வந்துவிட்டான். என் பெயர் பலிக்கவில்லை. எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். "உன் பேருல கை இல்ல, பொண்ணு. வெறும் வாயால போதும் போதும்னா எந்தச் சாமி கேக்கும்?" என்று நீ என்னைச் சீண்டாத பெருநாள் உண்டா? நானும் விட்டுவைக்கவில்லை. நீ கோழியைத் துண்டு போடுகிற வேகத்தையும், ஓசியில் இரண்டாவது கிண்ணம் சூப் கேட்பவர்களை நீ ஏசுகிற ஏச்சையும் பார்த்தால், பெயரிலுள்ள கையும் கத்தியும் வாயும் அப்படியே உடம்பில் இறங்கிவிட்டன என்பேன். "மூணும் இருக்கு, புருஷன்தான் இல்ல" என்று நீயே முடித்துவைப்பாய். கல்யாணம் செய்துகொள்ளாததைப் பற்றி அதற்குமேல் நீ பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

என் மகள் கவிதாவைச் சீனப்பள்ளியில் சேர்த்தபோது, ஒரு சீனப் பெயரும் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் ஷிப்டு வேலைக்குப் போனதும் அவளுக்குச் சோறு போட்டு, வீட்டுப்பாடம் பார்ப்பவள் நீதான். ஆகவே பெயரும் உன் பொறுப்பு என்றேன். ஒரு வாரம் கடையில் உன் முகமே சரியில்லை. கவிதா என்கிற ஓசைக்கு ஏதோ மூன்று எழுத்தைப் பொறுக்கிப் போடுவார்கள், அது வேண்டவே வேண்டாம் என்றாய். கடைசியில் ஒரே எழுத்தைக் கொண்டுவந்தாய். மேலே ஒரு கூரை, கூரைக்குக் கீழே ஒரு பெண். நிம்மதி என்று பொருளாம். "இவ பேரு யாரையும் கூப்பிட வேணாம். இவ பாட்டுக்கு நல்லா இருக்கட்டும்" என்றாய். எனக்குத் தெரிந்த இரண்டாவது எழுத்து அது. அன்று உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கோழிக் கொழுப்பு நாறுகிறது, தள்ளிப் போ என்று விரட்டிவிட்டாய்.

கவிதா வளர்ந்ததும் உன் பெயரைத் திருத்த வந்தாளே, அந்த மத்தியானத்தை மறக்க முடியுமா? "ஆன்ட்டி, கைய எடுத்துட்டு அந்த இடத்துல சூரியன வெச்சிக்கோங்க. சத்தம் அதேதான், ஆனா வெளிச்சம்னு அர்த்தம் வரும். நிறைய பேரு மாத்திக்கறாங்க." காகிதத்தில் அழகாக எழுதியும் காட்டினாள். தூண்டில் கோடு நின்ற இடத்தில், நடுவில் ஒரு கோடு போட்ட சின்னப் பெட்டி. எனக்கு ஆசையாக இருந்தது, மாற்றிக்கொள் என்றேன். நீ காகிதத்தைத் தள்ளிவைத்தாய்.

"கைய எடுத்துட்டா எதால வெட்டறது? இந்தக் கை கூப்பிட்டுத்தான் அவன் வந்தான். நல்ல பையனாத்தானே வந்தான்."

"தம்பிக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"சின்னதுல சொன்னா தலைக்கனம் வந்துரும்னு சொல்லல. பெருசானதும் சொன்னா வருத்தப்படுவான்னு சொல்லல."

"அப்ப எப்பத்தான் சொல்லுவ?"

"கேட்டா சொல்லுவேன்."

தம்பி கேட்கவே இல்லை. எப்படிக் கேட்பான்? உன்னைச் சீனப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நிறுத்திய உன் அப்பா, அவனை மலாய்ப்பள்ளியில் போட்டார். பிறகு சிங்கப்பூர் வேலை. பேச்சு வரும், எழுத்து வராது. அடையாளக் கார்டில் எல்லோருக்கும் போல ஆங்கில எழுத்துதான். அக்கா பெயர் அவனுக்கு வெறும் ஓசை.

போன வருடம் நீ போனபோது, இறுதிச்சடங்குக் கடைக்காரர் பெயர் கேட்டார். தம்பி ஓசையைச் சொன்னான். கடைக்காரர் தனக்குப் பழக்கமான எழுத்தைச் சடங்கில் தொங்கவிடும் பெயர்த் துணியில் எழுதிவிட்டார். ரெங்கத்துப் பெரியவர்கள் யாரும் மிச்சமில்லை. வந்தவர்களுக்கெல்லாம் நீ கோழிச்சோத்துக்கடை அக்கா மட்டுமே. கவிதா நிறைமாதமாகக் கூச்சிங்கில் இருந்தாள், வரமுடியவில்லை. நான் துணியைப் பார்த்தேன். தூண்டில் கோடு இல்லை, பெட்டி இருந்தது. அழுதுகொண்டு நிற்கிற மனிதனிடம் அப்போது என்னத்தைச் சொல்வது? துணிதானே, எரிந்துபோகும் என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன்.

கல்லறைக் கல் எரியாது. குளுவாங்கில் கல்வெட்டுக்காரரிடம் போனபோது தம்பி என்னையும் காரில் ஏற்றிக்கொண்டான். பட்டறை முழுக்க வெள்ளைத் தூசி. உன் கல் வழவழப்பாகப் படுத்திருந்தது, இன்னும் உளி படவில்லை. மேலே வைத்திருந்த மாதிரிக் காகிதத்தில் அதே சூரியன். "நல்ல பேரு, வெளிச்சம்" என்றார் கல்வெட்டுக்காரர். தம்பியின் முகத்தில் பெருமை.

சத்தியமாகச் சொல்கிறேன், வாயை மூடிக்கொள்ளத்தான் நினைத்தேன். உனக்கும் கல்லில் ஒரு நல்ல பெயர் கிடைக்கும், அவனும் நிம்மதியாக வீடு போவான். ஆனால் நீ வேண்டாமென்று தள்ளிவைத்த காகிதம் கண்ணுக்குள்ளேயே நின்றது. என் முகத்தை வைத்து அவன் கண்டுபிடித்துவிட்டான்.

"என்னா அக்கா? தப்பா இருக்கா?"

கேட்டுவிட்டான். கேட்டால் சொல்வேன் என்றவள் நீ. நீ இல்லாத இடத்தில் நான் சொன்னேன். இடப்பக்கம் சூரியன் இல்லை, கை என்றேன். கை வந்தால் என்ன பொருள் என்று கேட்டான். கல்வெட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது, ஒதுங்கிப்போய் உளியைத் துடைக்க ஆரம்பித்தார். அதையும் நானேதான் சொன்னேன்.

அவன் மாதிரிக் காகிதத்தைக் கல்லிலிருந்து எடுத்தான். "அப்ப அக்கா பேரு... நான்தானா?" என்றான். என் பக்கம் திரும்பி, "அவங்களுக்கு வருத்தமா?" என்று கேட்டான்.

"நல்ல பையனாத்தானே வந்தான்னு சொல்லுவா" என்றேன்.

அந்தப் பெரிய ஆள், தலை நரைத்தவன், பட்டறைத் தூசியில் நின்று விம்மி அழுதான். நானும் அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்படி எழுதறது, காட்டுங்க" என்றான். கல்லின்மேல் படிந்திருந்த தூசியில் நான் விரலால் எழுதினேன், நேர்க்கோடு, தூண்டில், இரண்டு கீற்று. அவன் அதற்குக் கீழே எழுதிப் பார்த்தான். தமிழச்சி சொல்லிக்கொடுத்த சீனம், கோணலாகத்தான் வந்தது. கல்வெட்டுக்காரர் சிரித்துக்கொண்டே அவன் விரலைப் பிடித்துத் திருத்தினார். இந்த வருடம் கல்லறை கழுவப் போனபோது பார்த்தேன், உன் கை ஆழமாக, தங்க நிறத்தில் இருக்கிறது. அவன் அதற்குள் விரலை விட்டு ஒரு முறை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் ஊதுபத்தி கொளுத்தினான்.

அந்தக் கடைக் கதவை விட்டு வந்து, கிளினிக்கில் பெயர் பதிந்தேன். முகப்பிலிருந்த மலாய்ப் பெண் வழக்கம்போல், "பொண்ணு, கான்?" என்றாள், பொண்ணுதானே என்று. இல்லை என்று முழுப் பெயரையும் சொன்னேன். நீ அன்று கேட்டை விடாமல் பிடித்துக்கொண்டு கேட்ட பெயர். கொஞ்ச நேரத்தில் அவள் நாக்கைச் சுழற்றிச் சுழற்றி அதைச் சத்தமாகக் கூப்பிட்டாள். நாற்காலிகளில் இருந்த நம் ஆட்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் கையைத் தூக்கினேன்.