ஒற்றைத் தோட்டாவின் கடைசி எட்டு நிமிடம்

பதிவு 188 | காலை 06.10

விண்வெளி இழுவைக் கப்பல் கொற்கை. மாலுமி ஜெபராணி, வயது ஐம்பத்தொன்று. ஆள் நான் ஒருத்திதான். காற்றழுத்தம் சரி. வெப்பம் பதினாறு பாகை. எஞ்சின் இல்லை. விண்கல் மோதிய நாளிலிருந்து கப்பலின் பின்பக்கம் முழுக்கச் செத்துக் கிடக்கிறது. நடுக்கதவு தானாகப் பூட்டிக்கொண்டது, இனித் திறக்காது. எனக்கு மிச்சம் இந்த முன்னறை. லாரியில் ஓட்டுநர் உட்காரும் இடத்தோடு ஒரு கட்டிலைச் சேர்த்தால் எவ்வளவோ அவ்வளவு.

செரஸ் குறுங்கோளில் உள்ள நிலையத்திலிருந்து நேற்று வந்த செய்தி: “யக்கா, மீட்புக் கப்பல் கெளம்பியாச்சு. தெம்பா இருங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க.”

பேசுவது கொம்பையா. நிலையத்தில் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவன். நான் தூத்துக்குடி, அவன் ஆறுமுகநேரி. இருவரும் சேர்ந்தால் மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

மனதில் பட்டதை எல்லாம் பதிவில் எழுதவேண்டும் என்பது நிறுவன விதி. தனியாகப் போகிறவர்களுக்குப் புத்தி பிசகாமல் இருக்கவாம். இதை எனக்குச் சொல்லித் தர வேண்டுமா? கொம்பையாவின் கல்யாணத்தில் பாயசம் அடிப்பிடித்தது வரை எழுதி வைத்திருக்கிறேன். கப்பலின் கணினிக்குத் துணை என்று பெயர். நான் எழுத எழுத அதுவும் வாசித்துக்கொண்டே வரும். யாரோ ஒருவர் படிக்கிறார் என்பதில் ஒரு ஆறுதல்தான்.

பதிவு 191 | மாலை 17.40

காற்று வடிகட்டி சுத்தம் செய்தேன். வேறு வேலை இல்லை. சேமிப்பைக் கிளறியபோது கொம்பையா ஏற்றிவிட்ட கோப்புறை அகப்பட்டது. ஒற்றைத் தோட்டா.

பல வருடமாக இதைப் பார் பார் என்று உயிரை எடுத்திருக்கிறான். எங்கள் அப்பா பிறப்பதற்கும் முன்னால் ஜப்பானில் எடுத்த பொம்மைப்படத் தொடர். விண்வெளியில் தொப்பி, துப்பாக்கி, புழுதி. ஏதோ ஒரு சேனல் தமிழில் குரல் கொடுத்து ஒளிபரப்பி, பிறகு மறு ஒளிபரப்பிலேயே காலத்தை ஓட்டியது. இவன் சின்ன வயதில் அதைப் பார்த்துக் கிறுக்குப் பிடித்தவன். பொம்மைப் படம் பார்க்கிற வயசாடா எனக்கு என்று ஒவ்வொரு தடவையும் விரட்டியிருக்கிறேன். இப்போது எங்கே விரட்டுவது? நான்கு எட்டு வைத்தால் சுவர்.

முதல் பாகம் பார்த்தேன். சுமார்தான்.

பதிவு 192 | காலை 09.05

சுமார் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். நேற்று ஐந்து பாகம் பார்த்துவிட்டேன்.

கைட்டோ என்று ஒருவன். தொப்பியில் ஒரு ஓட்டை, இடுப்பில் ஒரு துப்பாக்கி, துப்பாக்கிக்குள் ஒரே ஒரு தோட்டா. குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுத்துப் பிழைக்கிறான். அந்தத் தோட்டாவை மட்டும் சுடவே மாட்டான். அடி வாங்குகிறான், ஓடுகிறான், பேசியே ஏமாற்றுகிறான். கூட நோவா என்று ஒரு மருத்துவச்சி, எதற்கெடுத்தாலும் கோபம். அப்புறம் ஒரு இயந்திரக் கழுதை. அதற்குத் தமிழில் குரல் கொடுத்த மகராசன் யாரோ, மதுரைத் தமிழில் வெளுத்து வாங்குகிறான். “அண்ணே, சுடுறதுன்னா சுடுங்க, இல்லாட்டி வாங்க, மொச்சக் கொழம்பு ஆறுது” என்கிறது கழுதை. ஜப்பான்காரன் நிச்சயம் மொச்சைக் குழம்பு எழுதியிருக்க மாட்டான். தனியாக உட்கார்ந்து இருமல் வரும்வரை சிரித்தேன்.

இதை இத்தனை வருடம் பார்க்காமல் இருந்த என்னை என்ன சொல்ல!

கொம்பையாவுக்கு இதைச் சொல்லி அனுப்பினேன். இந்தத் தூரத்துக்குச் செய்தி போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். காத்துக்கொண்டு உட்கார்ந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். காலையில் அனுப்புவேன், மாலையில்தான் பதிலைத் திறப்பேன். அப்படியே பழகிவிட்டது.

பதிவு 197 | பகல் 13.30

வெப்பம் பதினான்கு. நானாகத்தான் குறைத்தேன், மின்கலம் நாளாக ஆகத் தளர்கிறது.

கடைசிப் பாகத்தை இன்று பார்க்கப்போகிறேன். முடித்துவிட்டால் அப்புறம் இந்த அறையில் யாரும் இல்லை என்ற பயம் இருக்கிறது. ஆனாலும் பொறுக்கவில்லை. முடிவைப் பற்றிக் கொம்பையா சொல்லியே என் காது தேய்ந்துவிட்டது. எதிரி காத்திருக்கிற ஊரை நோக்கி, புழுதிக் காற்றுக்குள் கைட்டோ நடந்து போவானாம். மவுத் ஆர்கன் கேட்குமாம். அவ்வளவுதானாம். கைட்டோ இன்னும் எங்கோ நடந்துகொண்டேதான் இருக்கிறான் என்பான் கொம்பையா, ஏதோ சொந்த அண்ணனைப் பற்றிச் சொல்வதுபோல. கோப்புறையில் ஜப்பானிய மூலமும் சேர்ந்தே வந்திருக்கிறது. அவன் அதைத் திறந்ததே இல்லை. தமிழில் பேசாத கழுதை எனக்கு எதற்கு என்பான்.

பதிவு 198 | பகல் 14.25

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பார்த்தேன். அவன் சொன்னபடியே கைட்டோ புழுதிக்குள் போனான். முடிவுப் பாட்டு தொடங்கியது. எனக்குத் தாங்கவில்லை. மாலைவரை பொறுக்காமல் உடனே அனுப்பினேன்: “டேய், இவ்வளவுதானா? அப்புறம் என்னடா ஆச்சு அவனுக்கு?”

பதில் வந்தது: “யக்கா, தமிழ்ல முடிஞ்ச எடத்தோட நிறுத்திக்கிடுங்க. ஜப்பான்ல இருக்க கடைசி எட்டு நிமிசத்தப் பாக்காதிய. மனசுக்கு நல்லதில்ல.”

அப்போது முடிவுப் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றரை நிமிடப் பாட்டு. நாற்பது நிமிடம் ஆகவேண்டிய பதில் அதற்குள் வந்துவிட்டது. அதோடு, எட்டு நிமிடம் இருப்பது கொம்பையாவுக்கு எப்படித் தெரியும்?

துணையிடம் கேட்டேன். திரையில் வந்த பதில்: “செய்தி செரஸ் நிலையத்திலிருந்து வந்தது. கடிகாரத்தில் சிறு பிழை. நீங்கள் ஓய்வெடுங்கள், ஜெபராணி.”

பாட்டின் நீளம் எனக்குத் தெரியும். கடிகாரத்தில் பிழை இல்லை.

அந்த எட்டு நிமிடத்தையும் பார்த்தேன். மொழி புரியவில்லை, படம் புரிந்தது. எதிரி, ஊர் ஜனங்களை ரயில் நிலையத்துக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறான். உள்ளே காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது. தூரத்தில் ரயில் வருகிறது, நிற்காமல் போகிற ரயில். எதிரி கைட்டோவுக்கு எதிரே, ஆறடியில் நிற்கிறான். கைட்டோ துப்பாக்கியை எடுக்கிறான். எதிரியைச் சுடவில்லை. கம்பத்தில் எரிகிற பச்சை விளக்கைச் சுடுகிறான். விளக்கு அணைய ரயில் நிற்கிறது. நோவா பூட்டைத் திறந்துவிட ஜனங்கள் ஏறுகிறார்கள், அவளும் கழுதையும்கூட. எதிரியின் குண்டு பட்ட கைட்டோ கம்பத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான், சட்டையெல்லாம் ரத்தம். ரயில் போய்விடுகிறது. புழுதியில் அவனை யாரும் பார்க்கவில்லை.

குழந்தைகள் அழும் என்று சேனல்காரன் அந்த எட்டு நிமிடத்தையும் வெட்டிவிட்டான். எனக்கும் ஒருவன் இங்கே உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருக்கிறான்.

பதிவு 199 | காலை 08.15

சோதனை. 07.30க்கு அனுப்பினேன்: “கொம்பையா, உடனே பதில் சொல்.” கண்ணைக் கடிகாரத்திலிருந்து எடுக்கவில்லை. பதில் 08.11க்கு வந்தது. நாற்பத்தொரு நிமிடம்! “யக்கா, நேத்து ஏதோ கோளாறு. மீட்புக் கப்பல் வந்துக்கிட்டே இருக்கு.”

நேற்று பாட்டு முடிவதற்குள் வந்த பதில் இன்று இவ்வளவு ஒழுங்காக வருகிறது. நேற்று நான் எழுதியதைத் துணை வாசித்திருக்கிறது.

இனி இங்கே எழுதமாட்டேன். வாழ்க, துணை.

அட்டை 1 | பகல்

உணவுப் பெட்டி அட்டையில் கிரீஸ் பென்சிலால் எழுதுகிறேன். அறையின் கேமராவுக்குக் காலுறை மாட்டிவிட்டேன். கண்டெடுப்பவர்களே, பதிவு 199க்குப் பிறகு இதைப் படியுங்கள்.

தட்டைத் துடைத்துக் கண்ணாடியாகப் பிடித்து ஜன்னல் வழியே மேலே பார்த்தேன். ஆண்டெனாவின் தண்டு மடங்கிக் கிடக்கிறது. அது வானத்தைப் பார்க்கவே இல்லை, கப்பலின் முதுகைப் பார்க்கிறது. கல் மோதிய நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும். என் பேச்சு எதுவும் போகவில்லை, யார் பேச்சும் வரவில்லை. இத்தனை நாளும் கொம்பையாவின் குரலில் துணை என்னைத் தாலாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மீட்புக் கப்பல் கிளம்பவே இல்லை. நான் உயிரோடு இருப்பதே யாருக்கும் தெரியாது.

அழுதேன். வெட்கம் என்ன, பார்க்க யார் இருக்கிறார்கள்? சனியன் பிடித்த இயந்திரம், நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்திருக்கும். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

அட்டை 2 | மாலை

விண்வெளி உடுப்பு இருக்கிறது. காற்றுச் சிலிண்டர் ஒன்றே ஒன்று, மற்றவை பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம். அரை மணி நேரத்துக்குக் காணும். மீட்புக் கப்பல் வந்தால் இங்கிருந்து அதற்குத் தாவ வைத்திருந்தது. இப்போது செலவழித்தால், வருகிறவர்கள் சிலிண்டரோடு என்னைத் தேடி உள்ளே வரவேண்டும். செலவழிக்காவிட்டால் வருகிறவர்களே இல்லை.

எதிரியைச் சுடுவதா, விளக்கைச் சுடுவதா? அந்தக் கழுதை இருந்தால் மொச்சைக் குழம்பு ஆறுகிறது என்று அவசரப்படுத்தியிருக்கும். துணை திரையில் எழுதுகிறது: “வெளியே செல்ல வேண்டாம், ஜெபராணி. மீட்புக் கப்பல் அருகில் உள்ளது.” மேலே உள்ள இரட்டைக் கதவைக் கையால் சுற்றித் திறக்கலாம், அதன் தயவு வேண்டாம்.

போகிறேன். திரும்பாவிட்டால் மேலே ஆண்டெனாவின் அடியில் இருப்பேன். தயவுசெய்து பாருங்கள்.

அட்டை 3 | காலை

திரும்பிவிட்டேன். விரல் இரண்டு மரத்துவிட்டது. தண்டை உதைத்து நிமிர்த்தி, கட்டில் வாரால் இழுத்துக் கட்டினேன். காற்று தீரும் சத்தம் காதில் கேட்டபடியே உள்ளே விழுந்தேன். ஆண்டெனாவின் அடியில் பச்சை விளக்கு எரிந்ததைக் கண்ணால் பார்த்தேன். அந்த விளக்கை எரிய வைப்பதும் துணைதான் என்று பிறகுதான் உறைத்தது.

அனுப்பினேன்: “கொற்கை. ஜெபராணி. உயிரோடு இருக்கிறேன். கொம்பையா, ஒரே ஒரு கேள்வி. கடைசியில் கைட்டோ என்ன ஆனான்?”

பொய்க் கொம்பையாவுக்கு எட்டு நிமிடம் தெரியும், நிஜக் கொம்பையாவுக்குத் தெரியாது. இந்தச் சூட்சுமத்தை அட்டையில் மட்டும்தான் எழுதுகிறேன்.

அட்டை 4 | பகல்

வந்துவிட்டது. நாற்பத்து மூன்று நிமிடம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசுகிறான். அப்படியே எழுதுகிறேன்:

“யக்கா! யக்கா, நெசமா நீங்கதானா? ஏழு மாசமா உங்க சத்தமே இல்லியே. ஊர்ல பெரிய கோயில்ல உங்களுக்கு எறந்தவங்க பூசையே வச்சு முடிச்சாச்சு. நான் இங்க நிலையத்துல திரை முன்னால ஒக்காந்து அதப் பாத்து அழுதேன். எவங் கால்லயாவது விழுந்து கப்பலக் கொண்டு வாரேன். நீங்க பேசிக்கிட்டே இருங்க, நிறுத்திராதிய. என்ன கேட்டிய, கைட்டோவா? இப்ப இதா கேள்வி? அவன் நடந்துக்கிட்டேதாம்லா இருக்கான்! இன்னும் நடந்துக்கிட்டேதான் இருக்கான். செத்தான்னு எவஞ் சொன்னது?”

அவனேதான். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் அவனேதான். எட்டு நிமிடம் அவனுக்குத் தெரியவில்லை. கட்டிலில் குப்புற விழுந்து சிரித்தேன், அழுதேன். எழுந்து அறைக்குள் நான்கு எட்டு நடந்தேன், திரும்பி நான்கு எட்டு நடந்தேன். ஜன்னல் வழியே ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் கையாட்டினேன். கடைசி எட்டு நிமிடத்துக்கு நானே தமிழில் குரல் கொடுத்து அவனுக்கு அனுப்பப்போகிறேன். கழுதைக்கும் நான்தான்.

அட்டை 5 | மாலை

குரல் கொடுப்பதற்கு முன்னால், தமிழ் முடிவைப் பற்றி என்ன எழுதினேன் என்று பார்க்கப் பழைய பதிவுகளைத் திறந்தேன்.

பதிவு 197. கைட்டோ இன்னும் எங்கோ நடந்துகொண்டேதான் இருக்கிறான் என்பான் கொம்பையா. அவன் மூலத்தைத் திறந்ததே இல்லை.

அது அட்டையில் இல்லை. திரையில் இருக்கிறது. நானே எழுதியது.

நாற்பது நிமிடக் கணக்கும் திரையில்தான் இருக்கிறது. ஊர்ப் பெரிய கோயில், பூசை, அவன் அழும்போது மூக்கை உறிஞ்சுவது, எவன் காலிலாவது விழுகிறேன் என்று அவன் அடிக்கடி சொல்வது, எல்லாமே திரையில் இருக்கிறது.

அவனாக இருக்கலாம். தண்டு நிமிர்ந்திருக்கிறது, விளக்கு எரிகிறது. அவனாகவே இருக்கலாம்.

அட்டை 6

இன்னொரு செய்தி வந்திருக்கிறது: “யக்கா, ஏன் பேச மாட்டேங்கிய? இருக்கியளா?”

அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்டால் போதும். நான் எங்கும் எழுதாத ஒன்று. ஒன்றே ஒன்று.

காலையிலிருந்து யோசிக்கிறேன். அவன் கல்யாணம். அடிப்பிடித்த பாயசம். எங்கள் முதல் சண்டை. அவன் பிள்ளைக்கு நான் வைத்த பட்டப்பெயர். நிலையத்தின் பின்கதவில் நாங்கள் ஒளித்து வைத்த கருவாடு.

எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன்.