அலுமாரியில் கிடக்கும் டொக்டரின் கடிதம்

அக்குறணை
10.08.2025

அன்பு மகள் ஷஹ்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன் இருக்கும்போது வாப்பாவுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் உன் முகம் தெரியும், முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல வராது. அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

பெரஹரா ஊர்வலம் முடிந்து கண்டிக்குப் போகிற பாதை திறந்துவிட்டது. வியாபாரம் பரவாயில்லை. உன் உம்மாவுக்கு முழங்கால் வலி, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. தங்கச்சி ஸஹ்ரா உன்னிடம் ஜெர்மனிக்கு வரப்போகிறாள் என்று அவளுக்குக் கம்பளிச் சட்டை ஒன்றும் வாங்கி வைத்துவிட்டாள்.

நீ கேட்ட கடிதத்தை டொக்டர் போன செவ்வாயே தந்துவிட்டார். லூபஸ் நோய்க்குக் கொடுத்த மருந்துகள் ஸஹ்ராவுக்கு வேலை செய்யவில்லை, சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு வருகிறது என்று எழுதி முத்திரையும் குத்தியிருக்கிறார். நீ வேலை செய்யும் இடத்தில் நோயாளியின் இரத்தத்திலிருந்தே அணுக்களை எடுத்து, மாற்றிப் பழக்கி, திரும்ப ஏற்றுகிறீர்களே, அந்த ஆய்வுக்கு மருந்து தோற்றவர்களை மட்டும்தான் எடுப்பார்கள் என்று சொன்னாய். கடிதம் என் அலுமாரியில் கிடக்கிறது. நான் அதை அனுப்ப மாட்டேன், மகள். மருந்து தோற்கவில்லை. நான்தான் கொடுக்கவில்லை.

கிளினிக்கில் மருந்து எடுத்து வருவது நான்தானே. நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு நாள், குளிசைப் பெட்டிக்குள் இருந்த தாளைக் கண்ணாடி போட்டு வாசித்தேன். நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்று இருந்தது. கொரோனா நேரம் எதிர்ப்புச் சக்திக்கென்று நம்முடைய நாட்டுமருந்துக் கடை வாசலில் சனம் வரிசையில் நின்றதே, நினைவிருக்கிறதா? ஊருக்கெல்லாம் கூட்டிக் கொடுத்தவன் சொந்தப் பிள்ளைக்குக் குறைப்பதா? டொக்டர் குறைத்துவிட்டார் என்று ஸஹ்ராவிடம் பொய் சொல்லி, மூன்று குளிசையை ஒன்றாக்கினேன். சக்தியைக் கூட்டட்டும் என்று காலையில் சீந்தில் கொடிக் கசாயம் காய்ச்சிக் கொடுத்தேன். கசக்கிறது என்று முகத்தைச் சுளிப்பாள், ஆனால் மிச்சம் வைக்க மாட்டாள்.

ஒழுங்காக மருந்து குடிக்கிறாயா என்று டொக்டர் கேட்கும்போதெல்லாம் அவள் ஆம் என்றாள். அவள் அறிந்தவரை அது உண்மை. நான் பக்கத்துக் கதிரையில் வாய் மூடி இருந்தேன். ஜூனில் முகத்தில் தடிப்பு வந்தது, பிறகு கால் வீங்கியது. அப்போதும் கசாயத்தைத்தான் கூட்டினேன். எல்லாம் தெரிந்தவன் என்கிற திமிர்.

வியாழக்கிழமைதான் நீ அனுப்பிய வீடியோவைக் கடையில் இருந்து கேட்டேன். இந்த நோயில் சக்திக்குக் குறைவே இல்லை, சொந்த உடம்பையே எதிரி என்று நினைக்கிற அணுக்கள்தான் கேடு, அவற்றை அடக்கி வைக்கவும் உடம்பில் வேறு அணுக்கள் உண்டு என்று நீ சொல்கிறாய். மூன்று முறை கேட்டேன். வீட்டுக்காரரையே அடிக்கிற காவல்காரனுக்கு நான்கு மாதமாகப் பொல்லு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அன்று பின்னேரம் ஒரு தாய் தன் மகளுக்கென்று சீந்தில் கேட்டு வந்தாள். இல்லை என்று அனுப்பிவிட்டேன். சீந்தில் சாக்கு என் காலடியில்தான் இருந்தது.

புதன்கிழமை ஸஹ்ராவை வார்டில் சேர்த்து இன்னும் கடுமையான மருந்து ஏற்றப் போகிறார்கள். அதனால் பிள்ளை பெறுவதில் பிரச்சினை வரலாம் என்று டொக்டர் சொன்னபோது அவள் என்னைத்தான் பார்த்தாள். பழைய மருந்தை முழுதாகக் கொடுத்தால் அந்த மருந்து தேவையே இல்லாமல் இருக்கலாம் அல்லவா? நாளை காலையிலேயே போய் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொல்வேன். சிறுநீரகம் எவ்வளவு மீளும் என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

டொக்டர் ஏசினால் கேட்டுக்கொள்வேன். ஸஹ்ராவிடம் சொல்லத்தான் பயமாக இருக்கிறது. வியாழனிலிருந்து மறுபடி மூன்று குளிசை கொடுக்கிறேன். முதல் நாள், “டொக்டர் கூட்டிட்டாரா வாப்பா?” என்று கேட்டாள். அதற்கும் ஆம் என்றேன். பார்க்காமலே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

இன்று மஃரிப் தொழுதுவிட்டு அவளுக்கும் உம்மாவுக்கும் சொல்லப் போகிறேன். அழுதுகொண்டு உன்னைத்தான் கூப்பிடுவாள். எந்த வேலை இருந்தாலும் உடனே போனை எடு. எனக்காகப் பேசாதே, வாப்பா நல்லது நினைத்துத்தான் செய்தார் என்று சொல்லவே சொல்லாதே. இனிமேல் குளிசையை அவளே எண்ணி எடுக்கட்டும், என் கையிலிருந்து எதையும் வாங்க வேண்டாம் என்று மட்டும் சொல்.

அல்லாஹ் உங்கள் இருவரையும் ஒருவருக்கொருவர் துணையாக வைக்கட்டும்.

உன் வாப்பா,
றவூப்