ரேடியேட்டருக்குத் தராத ஏரித் தண்ணீர்

அப்பா,

காலையில் நம் நீலக் கேனைக் கழுவினேன். அடியில் ஒட்டியிருந்த மலைச் செம்மண்ணைத் தேய்த்தெடுக்க மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

நான் பள்ளிக்கூடத்தைவிட்டு நின்ற வருடம் அது. வெளியாள் யார் பேசினாலும் உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். தெருக்காரர்களோடு வேன் பிடித்து ஊட்டிக்கு அப்பால் போனோம். மின்சாரத்துக்காக அணை கட்டித் தேக்கிய ஏரி, சுற்றிலும் மலைகள். எல்லோரும் படகுக்கு ஓடினார்கள். பட்டுக்குச் சாயம் போடும் நீ மட்டும் ஒரு கை தண்ணீரை அள்ளி வெயிலில் பார்த்தாய்.

"இதுல அரக்குக் கலர் போட்டா எப்படிப் புடிக்கும் தெரியுமாம்மா?"

குடிக்கக் கொண்டுபோன கேனைக் காலி செய்து ஏரித் தண்ணீரை நிரப்பினாய். டிரைவர் அண்ணன் சிரித்தார்.

"நம்மூர்ல இல்லாத தண்ணியா நைனா?"

"இந்தத் தண்ணி குழாய்ல எறங்கி, கரண்டா நம்ம வூட்டுக்கு வந்துக்கினுதானே இருக்குது. கொஞ்சம் தண்ணியாவும் வரட்டும்பா."

திரும்பும்போது ஒரு ஏற்றத்தில் வேன் ஆவி கக்கி நின்றது. கேன் என் மடியில் இருந்தது.

"குடும்மா, ரேடியேட்டர் கொதிச்சுப் போச்சு" என்று கை நீட்டினார் டிரைவர் அண்ணன்.

நீ வேண்டுமென்றே ஜன்னலுக்கு வெளியே பார்த்தாய். வேன் முழுக்க என்னைப் பார்த்தது. கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"தர மாட்டேன். பின்னாடி வளைவுல பாறையிலேர்ந்து தண்ணி கொட்டுது. அங்க போய்ப் புடிங்கண்ணா."

"பொண்ணுக்குப் பேச வராதுன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன், நைனா."

"நானுந்தான்" என்றாய்.

வீட்டில் அந்தத் தண்ணீரில் ஒரு கட்டு நூலுக்கு அரக்குச் சாயம் போட்டாய். காய்ந்ததும், எப்போதும் போடும் நூலோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தோம். ஒரு வித்தியாசமும் இல்லை. நீ வயிறு குலுங்கச் சிரித்தாய். ஆனால் வந்தவர் போனவரிடமெல்லாம் அந்த நூலைத்தான் எடுத்துக் காட்டினாய்: "எம் பொண்ணு சண்டை போட்டுக் காப்பாத்துன தண்ணியில போட்டது."

நீ போன பிறகு, சாயத் தொட்டி முன்னால் நிற்பது நான்தான் அப்பா. ஈர நூலை அவசரமாகக் கேட்பவர்களிடம், "காயட்டும், இன்னிக்குத் தர மாட்டேன்" என்கிறேன். குரல் நடுங்குவதில்லை.

நாளை தெருக்காரர்கள் மறுபடி அந்த ஏரிக்குப் போகிறோம். அதே டிரைவர் அண்ணன்தான். நேற்றே போன் செய்துவிட்டார்: "ரேடியேட்டருக்குத் தனியா தண்ணி எடுத்துக்கினு வரேன்மா. உன் கேனைத் தொடமாட்டேன்."

நிறத்தில் வித்தியாசம் வராது என்று தெரியும். இருந்தாலும் நிரப்பி, மடியில் வைத்துக்கொண்டுதான் வருவேன்.