நஃபீசாவின் பெயரில் ஹேவ்லாக்

செப். 12, வெள்ளி

விடாத மழை. விடுதி வராந்தாக் கொடியில் பதினொரு பேருடைய சுடிதார்கள், நடுவில் என் ஒரே நல்ல ஜீன்ஸ். இன்னும் ஈரம். நாளை ஹேவ்லாக் தீவுக்குப் போக அதுதான் வேண்டும்.

போக முடியுமா என்பதே மத்தியானம் வரை சந்தேகம். சுற்றுலாக்காரர்களுக்கான இடங்கள் போன வாரமே தீர்ந்துவிட்டன. அரசுப் படகில் தீவுக்காரர்களுக்குத் தனி வரிசை, தனி இடம். ஆனால் தீவுவாசி என்று காட்டும் ஐலண்டர் கார்டு வேண்டும். கூட வரும் வகுப்புத் தோழர்கள் பிரியாவிடம் இருக்கிறது, சுமனிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது இலங்கைப் பாஸ்போர்ட்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் நஃபீசா பையைத் திறந்து தன் கார்டை நீட்டினாள்.

"இந்தா, இதுல போ. இங்க எல்லாரும் இப்படித்தான் போவாங்க. சப் சல்தா ஹை, எல்லாம் நடக்கும்."

"போட்டோ?"

"பத்தாங்கிளாஸ்ல எடுத்தது. பாத்தா எனக்கே நான் யாருன்னு தெரியல. தலைல துப்பட்டாவப் போட்டுக்க, போதும்."

"நீயும் வாயேன்."

"பூஜைக்குத் துணிச் சரக்கு வந்திருக்குடி. சனி ஞாயிறு கடைல உக்காரணும். நான்தான் போகல, என் பேராவது போயிட்டு வரட்டும்."

அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அபர்டீன் பஜாரில் துணிக்கடை, மரைன் ஹில்லில் வீடு. இரண்டுக்கும் நடுவில் கல்லூரி. பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கிறாள், ஹேவ்லாக் படகில் இரண்டரை மணி நேரம், ஒருமுறைகூடப் போனதில்லையாம்! ஹட்டனிலிருந்து வந்தவள் நான் போகிறேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை அவளுக்குச் சென்னைக் கப்பல். மெயின்லேண்டில் ஆறு மாத ஆய்வகப் பயிற்சி, எங்கள் வகுப்பில் அவள் ஒருத்திக்குத்தான் கிடைத்தது. அத்தாவைச் சம்மதிக்க வைக்க ஒரு வருடம் ஆகியிருக்கிறது. கட்டிய பெட்டியைத் தினமும் பிரித்துப் பார்த்து மறுபடி கட்டுகிறாளாம்.

எடுத்துப்போக: துண்டு, வாந்தி மாத்திரை, சார்ஜர், துப்பட்டா. பாஸ்போர்ட்? வேண்டாம். எதற்கும் இருக்கட்டும்.

செப். 13, சனி

யாரும் பார்க்கவில்லை. உண்மையாகவே யாரும் பார்க்கவில்லை! டிக்கெட்டில் நஃபீசா பானு, கையில் அவள் கார்டு, தலையில் துப்பட்டா, உள்ளே நான். பரிசோதகர் கொட்டாவி விட்டுக்கொண்டே கையைக் காட்டினார்.

பயம் ஹேவ்லாக் ஜெட்டியில்தான் வந்தது. வெளிநாட்டவர் பெயர் பதியும் மேசை. ஒரு வெள்ளைக்கார ஜோடி குனிந்து எழுதிக்கொண்டிருந்தது. நியாயமாக அவர்களுக்குப் பின்னால் நான் நின்றிருக்க வேண்டும். தரையைப் பார்த்தபடி நடந்து வெளியே வந்துவிட்டேன். காதெல்லாம் சூடு.

அதற்குப் பிறகு ஆனந்தம். இங்கே கடற்கரைக்கெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நம்பர்தான். மூணாம் நம்பரில் குளியல், ஏழாம் நம்பரில் சூரிய அஸ்தமனம். அதுவும் ஐந்தே காலுக்கு! நான்கு மாதம் ஆகியும் பழகவில்லை.

டீக்கடைக்காரர்: "மெயின்லேண்டா?"

"இல்லண்ணா, சிலோன்."

"அதான், மெயின்லேண்டு."

இவர்களுக்குத் தீவு என்றால் இதுதான். மற்றதெல்லாம் மெயின்லேண்டு.

இரவுக்கு பிரியாவின் சித்தி வீடு. மீன் வறுவல் ஆறு துண்டு. வெட்கமே இல்லை.

செப். 14, ஞாயிறு

கடல் கெட்டுவிட்டது. படகு ரத்து. சுமன் அவன் பெங்காலி நண்பன் வீட்டுக்குப் போய்விட்டான். நானும் பிரியாவும் சித்தி வீட்டில் கேரம். நாளை சிறப்புப் படகு விடுவார்களாம், பெயரைக் கூப்பிட்டு ஏற்றுவார்களாம். நாளை காலை வகுப்பு போச்சு.

செப். 15, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

ஜெட்டியில் முந்நூறு பேருக்குக் குறையாது. ஒருவர் பட்டியலை வைத்துக்கொண்டு மைக்கில் பெயர் பெயராக. "நஃபீசா பானு! ஃபாதர் அப்துல் ரஹீம்! அபர்டீன் பஜார்!" மூன்று முறை. நான் பாட்டுக்குக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் பெயராக இருந்தால்தானே காதில் விழும்! பிரியா கிள்ளினாள். கையைத் தூக்கி "இருக்கேன், இருக்கேன்" என்று ஓடினேன். நனைந்த துப்பட்டா பைக்குள். ஜீன்ஸ், விரித்த முடி, தலையில் சுமனின் தொப்பி, சுமன் தோளில் என் பை.

கூட்டத்திலிருந்து ஒருவர் குறுக்கே வந்தார். வெள்ளைத் தொப்பி, ஐம்பது வயதிருக்கும். ஜெட்டி வாசலில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். சனிக்கிழமை அவரிடம்தான் பிஸ்கட் வாங்கினோம்.

"ஏம்மா, ஜவுளிக்கட ரஹீம் மகளா நீ?"

நான்கடி தள்ளி போலீஸ்காரர். கையில் அந்த வெளிநாட்டவர் பதிவேடு.

"ஆமாங்க" என்றேன். நான்தான் சொன்னேன். என் வாய்தான்.

"இத்துனூண்டு புள்ளயாப் பாத்தது. நான் காதர் மாமு. ஒங்க அத்தாவும் நானும் ஒரே ஊரு. அத்தா வந்திருக்காரா?"

"இல்ல... காலேஜ் பிரண்ட்ஸோட..."

சுமனைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். "சரி, ஏறு" என்றார்.

படகில் பிரியா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தேனே!

செப். 16, செவ்வாய்

ந. வரவில்லை. போன் அணைந்திருக்கிறது. கார்டைக் கொடுக்க வேண்டும். பிளாங்க்டன் செய்முறை வகுப்பு, இருபது ஸ்லைடு. ஒன்றிலும் ஒன்றும் தெரியவில்லை.

செப். 17, புதன்

நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க ந. வந்தாள். வெளியே அவள் சாச்சா, அத்தாவின் தம்பி, ஸ்கூட்டரில் காத்திருந்தார். ஐந்து நிமிடம்தான் பேச முடிந்தது.

காதர் திங்கட்கிழமையே போன் செய்திருக்கிறார். உன் மகள் பையனோடு ஹேவ்லாக் வந்திருந்தாள், தலையில் துணி இல்லை, பேன்ட் போட்டிருந்தாள், எல்லாம். அத்தா கப்பல் டிக்கெட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். நஃபீசா போகப் போவதில்லை.

"ஆனா நீ அவரோடதான கடைல இருந்த!"

"ரெண்டு நாளும் அவருக்கு எதிர்ல உக்காந்து புடவை மடிச்சேன். அவருக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்?"

"கேட்டா பேசவே மாட்டேங்கறாரு. கார்டு குடுத்தத சொல்லிட்டேன். அப்பவும் ஒரு வார்த்த இல்ல." அழவில்லை. கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. "நீ எங்கயும் போய் ஒண்ணும் சொல்லிராத தர்ஷி. ஒன்ன ஊருக்கு அனுப்பிருவாங்க. உதவித்தொகையும் போயிரும். ஒரு வீட்ல ரெண்டு பேரு படிப்பு போகணுமா?"

ஒரு வீட்டில் என்கிறாள். நான் அவள் வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை.

கார்டைக் கையில் கொடுத்தேன். பார்க்காமல் பைக்குள் போட்டாள்.

செப். 18, வியாழன்

வகுப்பு முடிந்ததும் நேரே கடைக்குப் போனேன்.  நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

கடையில் பூஜைக் கூட்டம். ரஹீம் பாய் பெங்காலிப் பெண்களிடம் பெங்காலி, வேலையாட்களிடம் இந்தி. தப்பான புடவைக் கட்டை எடுத்தவரைத் திட்டியது மட்டும் தமிழில். என்னைப் பார்த்ததும் யாரென்று கேட்கவில்லை. முக்காலியைத் தள்ளினார். டீ சொன்னார். கூட்டம் குறையும் வரை உட்கார வைத்தார்.

"நீதான் அந்த சிலோன் புள்ள."

"ஆமாங்க. தப்பு என்னோடது. நஃபீசா கடையிலதான் இருந்தாங்கறது உங்களுக்குத் தெரியும். காதர் மாமுகிட்ட அது உங்க மக இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா..."

"சொன்னா? அப்ப யார்றா அதுன்னு கேப்பான். அவன் கடைக்கு நேர் எதிர்ல போலீஸ் சௌக்கி. டீ குடிக்கறப்ப அவன் வாய் சும்மா இருக்குமா? வேற பேர்ல ஒரு பொண்ணு வந்துட்டுப் போயிருக்குன்னு அஞ்சு நிமிஷத்துல போயிரும். யார்கிட்ட கார்டு வாங்குச்சு, எங்க படிக்குதுன்னு தேடிட்டு வருவாங்க."

"அதனால?"

"போன் வந்தப்பவே, இவ அடிக்கடி சொல்ற சிலோன் புள்ளதான்னு புரிஞ்சுது. ஆமாப்பா, என் மகதான்னு சொல்லிட்டேன்."

டீ டம்ளர் என் கையில் சாய்ந்து ஜீன்ஸில் ஊற்றியது. சுட்டது பிறகுதான் தெரிந்தது. என்னைக் கண்டபடி திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். இதற்கு நான் தயாராக இல்லை.

"நீ அடுத்தவங்க பெத்த புள்ள. கடல் தாண்டி வந்து படிக்கற. கேஸு அது இதுன்னு ஆச்சுன்னா ஒங்க அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

"அப்ப நஃபீசாவ அனுப்பிருங்க. ப்ளீஸ்."

"ஊர் சுத்துறான்னு நானே ஒத்துக்கிட்ட புள்ளய தனியாக் கப்பல்ல ஏத்தினா, நாலு பேரு என்னம்மா கேப்பாங்க? காதர் அதுக்குள்ள போன்லயே பள்ளிவாசல் வரைக்கும் கொண்டு போயிட்டான். எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு இருக்கு." அளவுகோலை எடுத்தார், வைத்தார். "ஒன்னக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன். அது இவ காலக் கட்டும்னு அப்பத் தோணல. போ. போய்ப் படி."

பஜாரிலிருந்து விடுதி வரை நடந்தே வந்தேன். மூன்று ஆட்டோக்காரர்கள் நிறுத்திக் கேட்டார்கள். வெட்கம். இப்படி ஒரு வெட்கம் எனக்கு வந்ததே இல்லை.

சொன்னால்: விசா, படிப்பு, அம்மா.
சொல்லாவிட்டால்: சனிக்கிழமை கப்பல்.

செப். 19, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காதர் வெள்ளிக்கிழமைப் படகில் சரக்கு எடுக்க வருவாராம், ஜும்மா தொழுகை முடிந்து ரஹீம் பாய் கடையில் உட்காருவாராம். பிரியா விசாரித்துச் சொன்னாள். இரண்டு மணிக்குப் போனேன். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் பேச்சை நிறுத்தியதிலேயே என்ன பேச்சு என்று தெரிந்தது. ரஹீம் பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து, போ என்று கண்ணைக் காட்டினார்.

போகவில்லை. பாஸ்போர்ட்டைத் திறந்து, விரித்திருந்த புடவை மேல் வைத்தேன்.

"மாமு, நான் நஃபீசா இல்ல. என் பேரு தர்ஷினி. சிலோன், ஹட்டன். அவ பேர்ல படகுல வந்தது நான்தான். அவ அன்னிக்கு இந்தக் கடையிலதான் இருந்தா. பூஜைக்குப் புடவை வாங்க வந்த எல்லாரும் பாத்திருப்பாங்க."

காதர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 

"நீதான ஆமான்னு சொன்ன?"

"போலீஸ்காரர் பக்கத்துல நின்னாரு. பயத்துல சொன்னேன்."

ரஹீம் பக்கம் திரும்பினார். "நீயும் ஆமான்னியேடா! பெத்த மகளப் பத்தி!"

ரஹீம் பாய் பாஸ்போர்ட்டை மூடி என் பக்கம் தள்ளினார். யாரோ "யா அல்லா" என்றார். காதர் மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தார்.

"நாலு நாளா நான் யாரு வீட்டுப் புள்ளயப் பத்திப் பேசிட்டிருந்தேன்?" என்றார். 

நான் அங்கிருந்து நேரே வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் போனேன். அவர்களாகத் தேடி வருவதற்குள் நானே போய்விட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. ஒரு தாள் கொடுத்து எல்லாவற்றையும் எழுதச் சொன்னார்கள். கார்டு எப்படிக் கிடைத்தது என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அவளுக்குத் தெரியாமல் பையிலிருந்து எடுத்தேன் என்று எழுதினேன். ஒரு பொய்யைச் சரி செய்யப் போய் இன்னொரு பொய். இதற்கு நான் வருத்தப்படவில்லை.

பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். திங்கள் பத்து மணிக்கு வர வேண்டும். எச்சரித்து விட்டுவிடலாம், திருப்பியும் அனுப்பலாம், பெரிய அதிகாரி முடிவு செய்வார் என்றார் குமாஸ்தா. இந்தியில் சொன்னார். நன்றாகவே புரிந்தது.

கடையிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. ந. போன் இன்னும் அணைந்தேதான்.  அவளை அனுப்புவார்களா மாட்டார்களா, அது ஒன்றுதான் மண்டைக்குள்.

செப். 20, சனி

வெயில். ஒரு வாரத்துக்குப் பிறகு.

கூப்பிடாமலே, சென்னைக் கப்பல் புறப்படும் ஹாடோ ஜெட்டிக்குப் போனேன். ஒன்பது மணி வரை ஒருவரும் இல்லை. ஒன்பதரை. மனதைத் தேற்றிக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன்.

பிறகு இரண்டு ஆட்டோ. முதலில் இறங்கியது காதர், தலையில் அவள் பெட்டி! பின்னால் ரஹீம் பாய், உம்மா, இரண்டு தங்கைகள், நஃபீசா. நேற்று சாயங்காலம் முழுக்க காதர் வீடு வீடாகப் போய், தான் சொன்னது தப்பு என்று சொல்லியிருக்கிறார். இரவு அத்தாவே பீரோவைத் திறந்து டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தாராம்.

ந. ஓடி வந்து கட்டிக்கொண்டாள். முதுகில் ஓங்கி ஒரு குத்து.

"பாகல்! பைத்தியம்! யாரு ஒன்ன சொல்லச் சொன்னா? பிரியா வந்து ஆபீஸ், திங்கக்கெழம எல்லாம் சொன்னா. அங்க என்ன எழுதிக் குடுத்த?"

"ஒண்ணுமில்ல. ஏறு, கேட்டை மூடிருவாங்க."

தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். உம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னவள் ஓவென்று அழுதாள். கப்பல் நகர்ந்தது. கூட்டம் கலைந்தது. ரஹீம் பாய் இதுவரை என் முகத்தைப் பார்க்கவில்லை. கோபம்தான், இருக்கட்டும், அவருக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்து நானும் நடந்தேன்.

"ஏம்மா."

நின்றேன்.

"திங்கக்கெழம எத்தன மணிக்கு வரச் சொன்னாங்க?"

"பத்து மணிக்குங்க."

"ஒம்போதரைக்குக் கடைக்கு வந்துரு. நானும் வர்றேன்."

"நீங்க எதுக்குங்க..."

"கூட வந்திருக்கறது யாருன்னு கேப்பாங்கல்ல. இந்தத் தடவ உள்ளதச் சொல்லு. நஃபீசாவோட அத்தா வந்திருக்காருன்னு."

தலையை மட்டும் ஆட்டினேன். ஹட்டனில் அம்மாவுக்கு இன்னும் போன் செய்யவில்லை.