ஏழு வாரத்துக்கு முன் நீ கேட்ட கேள்வி

தேதி பதினான்கு, வியாழக்கிழமை. காலை ஆறு மணி நாற்பது நிமிடம். காதில் மெஷின் மாட்டி நாற்பத்து மூன்று மணி நேரம் ஆகிறது, இரவில் கழற்றி வைத்த நேரத்தையும் சேர்த்து.

அன்புள்ள வாஷருக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் நலம். நலம் என்று சும்மா எழுதுகிறவன் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும், ஆகவே அளவோடு சொல்கிறேன்: என் ரத்த அழுத்தம் நேற்று நூற்று முப்பதுக்கு எண்பத்து நான்கு, அம்மாவுக்கு இடது முழங்கால் மாடிப்படி இறங்கும்போது மட்டும் வலிக்கிறது, ஏறும்போது இல்லை. உன் நலத்தையும் இப்படி அளந்து எழுது, நல்லா இருக்கேன் என்பது ஒரு அளவு இல்லை. காதில் என்ன மெஷின் என்று நீ கேட்பாய். வரிசையாகச் சொன்னால்தான் புரியும், நடுவில் தாவிப் படிக்காதே. அம்மா இந்தப் பக்கங்களை இப்போதே படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள், காகிதம் பின்னால் மெதுவாக வரட்டும். கட்டைவிரலால் போனில் எழுத என்னால் ஆகாது, அது எழுத்து இல்லை, மூட்டைப்பூச்சி நசுக்குவது.

பதினான்கு மாதமாக நம் வீட்டுப் போன் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா. முதல் போனின் ஸ்பீக்கர் வலையைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். இரண்டாவது போனுக்கு ஸ்பீக்கரையே மாற்றினேன். மூன்றாவது புத்தம் புதுப் போன், அதையும் திறந்தேன். திறந்தேன் என்று சொல்வது தப்பு, அதில் ஒரு ஸ்க்ரூகூடக் கிடையாது, சுற்றிலும் பசை. ஸ்க்ரூ போட்டு மூடினவன், என்றைக்காவது ஒருவன் இதைத் திறப்பான் என்று அவனை நினைத்து மூடினான். பசை போட்டு மூடினவன் யாரையும் நினைக்கவில்லை. அம்மாவின் ஹேர் டிரையரை வைத்துப் பசையை இளக்கினேன், கண்ணாடி மூலையில் கீறல் விட்டது. இன்னும் பத்து டிகிரி ஏற்றியிருக்க வேண்டும், அவசரப்பட்டேன். போன வாரம் அதைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது தெருவில் போன் ரிப்பேர் செய்கிற கடைக்காரம்மாவிடம் போனேன். கண்ணாடியை மாத்திடறேன் சார், ஸ்பீக்கருக்கு என்ன என்றாள். சத்தமே வரலை என்றேன். அவள் ஏதோ ஒயரைச் சொருகி என்னவோ தட்டினாள். கடையில் நின்றிருந்த இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தர், அம்மா நிறுத்துங்க, பல்லு கூசுது என்றார். நான் அவளைப் பார்த்து, இன்னும் ஆரம்பிக்கலையா என்று கேட்டேன்.

கெட்டிக்காரி. சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னாள், சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்குங்க சார் என்றாள். கீழ்ச் சுருதியில் ஆரம்பித்து மேலே மேலே கொண்டுபோனாள். தூக்கினேன், தூக்கினேன், அப்புறம் தூக்கவில்லை. அவள் விரல் மட்டும் மேலே போய்க்கொண்டே இருந்தது. ஒரு பில் தாளின் முதுகில் புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு இழுத்துக் காட்டினாள். இரண்டாயிரம் ஹெர்ட்ஸ் வரை கோடு ஒழுங்காக வருகிறது, அதற்கப்புறம் மொட்டைமாடியிலிருந்து குதித்த மாதிரி கீழே. யாரோடும் மல்லுக்கு நிற்பேன், கோட்டோடு நிற்க முடியுமா. போன் நல்லாத்தான் இருக்கு சார், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது, நீங்க தப்பான சாமானைத் திறந்துட்டு இருக்கீங்க என்றாள். தொழிற்சாலையில் சோதனை மேஜைக்கு மேலே நான் எழுதி மாட்டிய பலகை உனக்கு ஞாபகம் இருக்கும்: முதலில் அளவுக்கருவியைச் சோதி, பிறகு பொருளைச் சோதி. தேய்ந்துபோன கருவியை வைத்து அளந்து நாலாயிரம் நல்ல பின்னைக் கழித்துக்கட்டிய ஒருவனை நான் மூன்று மாதம் கேலி செய்திருக்கிறேன். நான் கழித்துக்கட்டியது மூன்று போன்.

காது டாக்டரம்மா எங்கே வேலை பார்த்தீங்க என்று கேட்டார். தகடு வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் முப்பத்தொரு வருஷம் என்றேன். காதுக்கு அடைப்பான் போட்டுக்கலையா என்றார். எல்லாருக்கும் நான்தான் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன், போடாதவனை உள்ளே விட மாட்டேன் என்றேன். நீங்க என்றார். நான் போடவில்லை, பிரஸ் அடிக்கிற சத்தத்தை வைத்தே எந்த அச்சு மழுங்கியிருக்கிறது என்று சொல்வேன், அடைத்துக்கொண்டால் எப்படிச் சொல்வது. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். செவ்வாய்க்கிழமை பதினொன்று நாற்பதுக்கு மெஷினை மாட்டினார்கள். இரண்டு காதுக்கும் ஒவ்வொன்று, காதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. சோதித்து முடிக்காத கருவியைப் பற்றி நான் அறிக்கை கொடுப்பதில்லை.

வாஷர், இந்த வீட்டில் என்ன சத்தம் தெரியுமா. என் செருப்பு பேசுகிறது. ஃபிரிட்ஜ் பெருமூச்சு விடுகிறது. பேப்பரைப் புரட்டினால் யாரோ தகரத்தைக் கிழிக்கிற மாதிரி இருக்கிறது. குளியலறைக் குழாய் சொட்டுகிறது, நாள் முழுக்கச் சொட்டியிருக்கிறது, என் வீட்டில், நான் இருக்கும்போதே. அப்புறம் அந்தத் துணி துவைக்கிற மெஷின். துவைத்து முடித்தால் மணி அடிக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது, அடிக்கவில்லை என்று கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதி மெக்கானிக்கை வரவழைத்தேனே. அவன், அடிக்குது சார் என்றான். உனக்கு வேலை தெரியலை என்று சொல்லி அனுப்பினேன். நேற்று அது மணி மட்டும் அடிக்கவில்லை, ஒரு முழுப் பாட்டே பாடியது. பிளாஸ்டிக் டப்பா எதற்குப் பாட வேண்டும் என்பது வேறு விஷயம், அதில் என் கருத்து மாறவில்லை. ஆனால் எழுந்துபோய் இன்னொரு தடவை துவைக்கப் போட்டேன், காலியாகவே. தண்ணீர் வீண், தெரியும்.

நேற்று மாலை நான்கு மணி. அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், நான் ஹாலில் நாற்காலிக் காலுக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தேன். அவள் தண்ணீரோடு தண்ணீராக முணுமுணுக்கிறாள்: பொண்ணு வாயைத் தொறந்து முதல் தடவையா இவர்கிட்ட ஒண்ணு கேட்டா, வேலையை விட்டுட்டு ரிப்பேர் கடை வைக்கலாமாப்பான்னு, அதெல்லாம் எதுக்கும்மான்னு ஒரே வெட்டா வெட்டிட்டார், டூல்ஸு டூல்ஸுன்னு உயிரை விடற மனுஷனுக்குப் பெத்த பொண்ணு ஸ்பேனரைத் தொட்டா மட்டும் ஆகாது. நான் ஹாலிலிருந்தே, எந்தக் கடை என்று கேட்டேன். தட்டு கீழே விழுந்தது. எவர்சில்வர் தட்டு விழுந்து சுற்றிச் சுற்றி அடங்குகிற சத்தத்தை முழுசாகக் கேட்டேன், நல்ல தட்டு. திரும்பினாள். கேட்டுச்சா என்றாள். கேட்டுச்சு. எப்பலேருந்து கேக்குது. நேத்து பதினொண்ணு நாப்பதுலேருந்து. ஈரக் கையோடு வந்து என் காதைத் திருப்பிப் பார்த்தாள். ஏழு வாரமா உங்ககிட்ட கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருக்கேன், அதுவாவது தெரியுமா என்றாள். தெரியாது, வீடு நல்லா அமைதியா இருக்குன்னு நினைச்சேன் என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன். அவள் அடிக்க வருகிற மாதிரி வந்து, பாதியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். காதைக் காட்டுங்கன்னு நாலு வருஷமா சொல்றேன், ஒரு தடவைகூட உங்க காதுல விழலை, அப்பவாவது புரிஞ்சிருக்க வேண்டாமா என்றாள். புரியவில்லை.

இப்போது நன்றாகக் கவனி. உன் குரல் அந்தக் கோடு குதிக்கிற இடத்தில் இருக்கிறது. போனில் நீ பேசினால் எனக்கு வருவது ஒரு இரைச்சல், நடுவில் ஒரு அப்பா. அதனால் நான் ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். நீ முதல் தடவை பேச்சை நிறுத்தினால் அப்படியா என்பேன். இரண்டாவது தடவை சரி சரி. மூன்றாவது தடவை, அதெல்லாம் எதுக்கும்மா, உடம்பைப் பாத்துக்கோ. நாலாவது தடவை, இரு, அம்மாகிட்ட குடுக்கறேன். ஐம்பத்தெட்டு ஞாயிற்றுக்கிழமை இது பிசகாமல் ஓடியது, நல்ல டிசைன் என்றுகூட நினைத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ மூன்றாவது தடவை நிறுத்தினாய், அவ்வளவுதான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் கேள்விக்கு இதுவரை யாரும் பதிலே சொல்லவில்லை. அதற்கப்புறம் ஏழு வாரமாக நீ என்னிடம், எப்படிப்பா இருக்கீங்க, அம்மாகிட்ட குடுங்க என்று இரண்டே வார்த்தையில் முடித்தாயாம், நான் அதையும் கவனிக்கவில்லை, இரைச்சல் குறைந்ததால் போன் கொஞ்சம் தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். தப்பு என்னுடையது. சாக்கு சொல்ல மாட்டேன். காது போனது தப்பு இல்லை, கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமல் மழுப்பியதுதான் தப்பு. தொழிற்சாலையில் நான் இப்படித் தட்டிக்கழித்திருந்தால் என் மேலதிகாரி என்னை வாசலில் நிற்க வைத்திருப்பார்.

அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். நீ வாடகைக்குப் பார்த்திருப்பது சலவைக் கடைக்குப் பக்கத்து இடம், இடத்துக்காரருக்கு இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், நீ வேண்டாம் என்று சொல்லப் போகிறாய். சொல்லாதே. எடு. அஞ்சு வருஷம் கம்பெனிக்கு, தூக்கிப் போடறதுக்குன்னே திறக்க முடியாத மூடியா வரைஞ்சு குடுத்தேம்மா என்று அவளிடம் சொன்னாயாமே. அந்த ஒரு வரிக்காகவே நீ கடை வைக்கலாம். என்னென்ன டூல்ஸ் வாங்கலாம் என்றும் என்னிடம் கேட்டாயாம், அதற்கு நான் சரி சரி என்றேனாம். இதோ பதில். நூற்றிருபது சாமான் அடங்கிய பெட்டி என்று விற்பான், வாங்காதே, அதில் ஒன்பதுதான் கையில் எடுப்பாய், மீதி துரு பிடிப்பதற்கென்றே பிறந்தவை. முதலில் வைஸ், சாமானை அசையாமல் கடித்துப் பிடிக்கிற இரும்புத் தாடை. அதை மேஜையில் முடுக்கு, மேஜையைத் தரையில் முடுக்கு, ஆடுகிற மேஜையில் செய்கிற வேலையும் ஆடும். ஸ்க்ரூடிரைவர் நல்லதாக ஆறு போதும், நுனி ஸ்க்ரூ தலையின் பள்ளத்தில் அசையாமல் உட்கார வேண்டும், உலகத்தில் தலை மழுங்கின ஸ்க்ரூ எல்லாம் வேறு அளவு டிரைவரால் மழுங்கினவைதான். திருகி அளவு மாற்றுகிற ஸ்பேனரை நான் மனிதர்களுக்குச் சிபாரிசு செய்வதில்லை, அளவு தெரியாதவனும் அவசரக்காரனும் வாங்குவது அது. என்னிடம் இரண்டு இருக்கிறது, அதைப் பேசாதே. மேஜைக்கு மேலே வெளிச்சம் தாராளமாக இருக்கட்டும். கழற்றின ஸ்க்ரூவைப் போட ஒரு காந்தத் தட்டு வைத்துக்கொள். கழற்றுவதற்கு முன்னால் போனில் படம் எடுத்துக்கொள், நான் காகிதத்தில் படம் வரைந்துகொண்டு கழற்றினவன், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் உங்கள் காலம் ஜெயித்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். மல்டிமீட்டர் நல்லதாக ஒன்று வாங்கு, தினமும் காலையில் தெரிந்த ஒரு பேட்டரியில் வைத்து மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று முதலில் பார், அப்புறம் அடுத்தவன் சாமானைத் தொடு. ஏன் என்று என்னைக் கேட்காதே, மூன்றாவது தெருக் கடைக்காரம்மாவைக் கேள். வாடிக்கைக்காரர் ஒரு மெஷினைக் கொண்டுவந்து இது கெட்டுப்போச்சு என்றால் உடனே திறக்காதே, என்ன செய்தீர்கள் என்று கேள், அவர் சொல்லி முடிக்கும்வரை கேள். இதைச் சொல்கிறவன் யார் பார்.

இதற்கு நடுவில் அம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டாள். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க, கரன்ட் வேலை பண்றப்போ ரப்பர் செருப்பு போட்டுக்கச் சொல்லுங்க என்கிறாள். இரண்டும் நியாயம். இப்போது ஹாலில் இருந்துகொண்டு, போதும் எழுதினது, நான் படம் பிடிக்கணும் என்று மெதுவாகத்தான் சொல்கிறாள், முழுசாகக் கேட்கிறது. அந்தக் காலத்தில் ஸ்கூட்டரில் எனக்கும் அவளுக்கும் நடுவில் உன்னை உட்கார வைத்தால்தான் உரசல் சத்தம் நிற்கும், அதனால்தான் உனக்கு வாஷர் என்று பெயர் வைத்தேன். நீ எத்தனை தூரத்தில் இருந்தாலும் அந்த வேலையை நீதான் பார்த்துக்கொண்டிருக்கிறாய். உன் கையும் கண்ணும் நன்றாக இருக்கட்டும், உன் கடையில் நுழைகிற மெஷின் எல்லாம் ஓடிக்கொண்டு வெளியே போகட்டும், நீண்ட நாள் சந்தோஷமாக இரு. காதில் அடைப்பான் போட்டுக்கொள், இரும்பு தேய்க்கிற கிரைண்டரைத் தொடும் ஒவ்வொரு தடவையும். இதை ஞாபகப்படுத்தலாக எடுத்துக்கொள்ளாதே, உத்தரவு.

இனி நான் செய்யப்போவது:

1. குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றுவது. இன்றைக்கே.

2. துணி மெஷின் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, பாட்டு கேட்டது என்று சொல்வது. மன்னிப்பும் கேட்பது, இரண்டையும் ஒரே அழைப்பில்.

3. கடைக்காரம்மாவின் பில் தாளைச் சட்டம் போட்டு என் மேஜைக்கு மேலே மாட்டுவது.

4. என் சின்ன வைஸைப் பிரித்து, கிரீஸ் போட்டு, கட்டி உனக்கு அனுப்புவது. பதினொரு கிலோ. உன்னிடம் இருப்பது போதும் என்று எழுதாதே, உன்னிடம் இல்லை.

5. அம்மா ஏழு வாரமாக என்னிடம் சொல்லாமல் வைத்திருப்பதை எல்லாம் உட்கார்ந்து கேட்பது. பட்டியல் நீளம் என்று எச்சரித்திருக்கிறாள்.

6. ஞாயிற்றுக்கிழமை பதினேழாம் தேதி காலை பத்து மணிக்கு நீ கூப்பிடும்போது போனை நானே எடுப்பது, நீ முடிக்கிறவரை யாரிடமும் கொடுக்காமல் இருப்பது. அன்றைக்கு அந்தக் கேள்வியை முதலிலிருந்து மறுபடி கேள். பதில் இந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. எனக்கு இன்னும் கேள்விதான் காதில் விழவில்லை.

இப்படிக்கு,
இரண்டு காதையும் மாட்டிக்கொண்டு காத்திருக்கும்
உன் அப்பா