கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவளுக்கு

இன்று காலை பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டப் பின்கதவைத் திறந்தேன். முதலில் வந்தது வாசம்தான். நன்றாகப் பழுத்த பலா. அப்புறம் கண்ணில் பட்டது. வாசற்படியில் ஒரு பாதிப் பழம், மேலே ஒரு வாழையிலை. காற்றில் இலை ஒதுங்கியிருந்தது. சுளைகளைத் தனித்தனியாக எடுத்து, கொட்டை நீக்கி, ஒரு பிசிறு இல்லாமல் துடைத்து, மறுபடி அந்தத் தோலுக்குள்ளேயே அடுக்கி வைத்திருந்தது. கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டேன். அந்த அவசரத்தில் பாதித் தண்ணீர் என் சேலையில்தான் கொட்டியது.

நீ போன பிறகு எனக்குச் சுளை எடுத்துக் கொடுக்க இந்த மலையில் ஆளில்லை. அதனால்தான் இந்தப் பயம்.

இந்த மடல் உன் கைக்குக் கிடைத்தால் நேராகக் கடைசி வரிக்குத்தான் போவாய். இந்த முறை ஏமாந்துபோவாய். முடிவு எனக்கே தெரியாது. மகனுக்கு ஃபோன் செய்தேன். சேலத்திலிருந்து கிளம்பிவிட்டான். "துணிய எடுத்து வெச்சுக்கம்மா. வீட்டைப் பூட்டிட்டு வந்துடு. இனிமே அங்க இருக்க வேண்டாம்" என்றான். சரி என்றேன். இந்த முறை இறங்கினால் திரும்ப ஏற மாட்டேன் என்று எனக்குத் தெரியும். பழம் வெளியே இருக்கிறது, நான் உள்ளே இருக்கிறேன். சும்மா உட்கார்ந்திருந்தால் பயம் கூடுகிறது. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

உன்னை முதன்முதலில் பார்த்ததே ஒரு எரிச்சலோடுதான். காளப்பநாயக்கன்பட்டியில் மலை பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாய். பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாய். அது என்னுடைய நாவல். குதிரையும் கோட்டையும், எதிரி நாட்டு இளவரசனைக் காதலிக்கும் இளவரசியும். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. நீயோ புத்தகத்தைக் கவிழ்த்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாய். நான் மாதக்கணக்கில் உட்கார்ந்து கோத்த கதை. பொறுக்க முடியாமல், ஏன் இப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

"ரெண்டு பேரும் சேர்றாங்களான்னு தெரியோணுமில்லீங்க? அது தெரிஞ்சாத்தான் நடுவுல வர்ற சண்டையெல்லாம் தைரியமாப் படிக்கலாம்."

சொல்லிவிட்டுப் பின்னட்டையைத் திருப்பினாய். என் படத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், மறுபடி படத்தைப் பார்த்தாய். அதன் பிறகு வளைவு வளைவாகப் பஸ் ஏறி முடிக்கும்வரை நீ புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. இறங்கும்போது மட்டும், "சேத்து வெச்சுட்டீங்க. நல்லாருப்பீங்க" என்றாய்.

நீ இந்த மலையில், தேவனூர் நாட்டு ஊர்களுக்குப் பால்வாடி டீச்சர். நான் வீட்டுக்காரரை இழந்துவிட்டு, அவர் வாங்கிப் போட்டிருந்த மிளகுத் தோட்டத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். உன் வீடு எனக்கு மேல் வளைவில் என்பதே அப்புறம்தான் தெரிந்தது. அந்த வருஷத்து முதல் பலாவில் பாதியை என் பின்வாசலில் வைத்துவிட்டுப் போனாய். ஒரு பலாவை ஒரு வீடு தின்று தீர்க்க முடியாது. அறுத்தால் பாதியை அடுத்த வீட்டுப் பின்வாசலில் இலை மூடி வைத்துவிட்டு, கூப்பிடாமல் போய்விடுவதுதான் நம் பக்கத்துப் பழக்கம். கூப்பிட்டுக் கொடுத்தால் வாங்கியவர் ஏதாவது திருப்பிக் கொடுக்கத் தேடுவாரே, அந்தச் சங்கடம் வேண்டாம் என்றுதான். எனக்கு அது தெரியாது. ஆசையாய் நானே உரிக்க உட்கார்ந்தேன். பலாப்பால் பட்டு இரண்டு கையும் தடித்துக் கொழுக்கட்டையாகிவிட்டது. பார்த்துவிட்டு நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஜென்மத்துக்கும் மறக்காது. அதற்குப் பிறகு எனக்கு மட்டும் நீ சுளை எடுத்துத்தான் வைப்பாய்.

நான் ஏன் ராஜா ராணிக் கதையை விட்டேன் என்று வாசகர்கள் எல்லாரும் கேட்டார்கள். நீ மட்டும்தான் கேட்கவில்லை, ஏனென்றால் உனக்குத் தெரியும். தனி வீட்டில் இருக்க ஆரம்பித்தபின் எனக்கு அரண்மனை வரவில்லை. எழுத உட்கார்ந்தால் என் இளவரசி மேலேயே பொறாமை வந்தது. அவள் வாசலில் எப்போதும் ஒரு காவலாளி நிற்கிறான். என் வாசலில் ஒரு மரநாய் ஓடினாலும் நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெளியே சொல்ல வெட்கம். அதனால் எழுதினேன். மலைமேல் தனியாக இருக்கும் ஒரு பெண். அவள் பின்வாசலில் யாரோ பலாப்பழம் வைக்கிறார்கள். பழத்தைக் கண்டு அவள் பயப்படவில்லை. தனக்குப் பலாப்பால் ஆகாது என்று தெரிந்து சுளை எடுத்து வைத்திருக்கிறானே, அதைக் கண்டுதான் பயப்படுகிறாள். அத்தனை நாள் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

கையெழுத்துப் பிரதியை என் சமையலறையில் உட்கார்ந்து படித்தாய். வழக்கம்போல் கடைசித் தாளிலிருந்து. படித்ததும் உன் முகம் செத்துப்போயிற்று. பொழுது சாயும்வரை மொத்தத்தையும் படித்து முடித்துவிட்டு, "வளைவு வரைக்கும் கூட வா கண்ணு" என்றாய். குழந்தைகளுக்கு மாவுப் பொட்டலம் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் தனியாக நடப்பவள் நீ. வளைவு வரை வந்தேன். அப்புறம் நான் எப்படித் தனியாகத் திரும்புவது? நீ என்னோடு வந்தாய். என் வாசலுக்கு வந்ததும் உனக்குத் தனியாகப் போகப் பயம். நான் மறுபடி உன்னோடு. கடைசியில் உன் வீட்டுக்காரர் தேடிக்கொண்டு வந்து, நடுப்பாதையில் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நம் இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

புத்தகம் வந்ததும் எனக்குக் கிடைத்த அர்ச்சனை உனக்குத் தெரிந்ததுதானே. முன்னுரைக்குக் கீழே ஊர்ப் பெயரும் செல் நம்பரும் போடுவது என் பழைய வழக்கம். ஃபோன் ஓயவில்லை. ராசிபுரத்திலிருந்து ஒரு பெரியவர், நாற்பது வயதிலிருந்து என்னைப் படிப்பவர், "இந்த வயசுல என்னைப் பயமுறுத்தி உனக்கு என்ன ஆகப்போகுது?" என்று மகளைத் திட்டுவதுபோல் திட்டினார். என் நாயகி பெயரைத் தன் பெண்ணுக்கு வைத்த ஒரு அம்மா, பெயரை மாற்றலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். சேந்தமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்கு யாரோ அட்டையைக்கூடப் பார்க்காமல், என் பெயரை மட்டும் நம்பி மொய்யோடு சேர்த்து இந்தப் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் புதுப்பெண் படித்துவிட்டு, மாப்பிள்ளையின் எஸ்டேட் வீட்டுக்குக் குடிபோக மாட்டேன் என்று அழுதாளாம். மாப்பிள்ளையே ஃபோன் செய்து கேட்டான், "ஏனுங்க, நானு என்ன பாவம் பண்ணேனுங்க?" நாம் அதைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தோம். இளவட்டங்கள் பாராட்டினார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் ஊரில் பாதிப் பேர் புத்தகத்தைத் தொடவில்லை. ஆனால் கதை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. போன பலாக் காலத்தில் ஒருத்தரும் என் பின்வாசலுக்கு வரவில்லை. முன்வாசலில் தூரத்திலேயே நின்று, "நாந்தானுங்க, பழம் கொண்டாந்திருக்கேனுங்க" என்று பெயர் ஊர் எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நீ மட்டும்தான் பழையபடி சத்தமில்லாமல் வைத்தாய்.

வேறு ஒரு ஃபோன் வர ஆரம்பித்தது நீ போன பிறகு. மார்கழிப் பனியில் உனக்கு மூச்சு முட்டி, ஜீப்பில் ஏற்றிப் பாதி மலை இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. உன் காரியம் முடிந்து நான் தனியாக வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில், விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு அழைப்பு. ஆண் குரல். "கையில பால் படாது. சாப்பிடுங்க." வைத்துவிட்டான். என் வில்லன் பேசும் வசனம் அது. மறுநாளும் வந்தது. வேறு வேறு நம்பரிலிருந்து வந்தது. கடைசியில் நம்பரையே மாற்றினேன். யாரோ வெட்டிப்பயல் விளையாடுகிறான் என்று மகன் சொன்னான். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் முன்னுரையில் ஊர்ப் பெயரும் இருக்கிறது. மலைக்கு வந்து எழுத்தாளரம்மா வீடு எது என்று கேட்டால் டீக்கடையில் கை காட்டிவிடுவார்கள். இன்று காலை அந்த இலையைப் பார்த்ததும் எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

கதை எழுதும்போது அவள் கதவைத் திறப்பதை ஒரு வரியில் எழுதிவிட்டேன். எத்தனை பெரிய காரியம் அது. என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை.

இங்கே நிறுத்தி வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாம் இருவரும் மாறி மாறித் துணைக்குப் போன அந்தப் பொழுதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு மறுநாள் நீ வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எப்படி மறந்தேனோ. கையெழுத்துப் பிரதியை விரலால் தட்டிக்கொண்டே சொன்னாய்:

"எல்லாத்தையும் அப்படியே எழுதிக் குடுத்துராத கண்ணு. ஒன்னே ஒன்னை மாத்திப் போடு. நாளைக்கு எவனாச்சும் இதப் படிச்சுப்போட்டு வந்து வெச்சான்னா, நமக்குத் தெரியோணுமில்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மாற்றினேன். பிசின் ஒட்டாமலிருக்க நீ எப்போதும் கையிலும் கத்தியிலும் தடவுவது விளக்கெண்ணெய். கதையில் தேங்காயெண்ணெய் என்று போட்டேன். அந்தப் பெண் மோப்பம் பிடிப்பதே அந்தத் தேங்காயெண்ணெய் வாசத்தைத்தான். படித்தவன் எவனாக இருந்தாலும் அதைத்தான் தடவுவான்.

தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. கதவைத் திறந்து, குனிந்து, முகர்ந்து பார்க்க வேண்டும்.

இப்போது திரும்பி வந்து எழுதுகிறேன். அரிவாள்மனையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அந்தப் பயத்திலும் உன்னைத் திட்டிக்கொண்டேதான் தாழை நீக்கினேன். பழத்தருகே குனிந்தேன். பலா வாசத்தில் வேறு எதுவும் தெரியவில்லை. தோலின் விளிம்பை விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனேன். விளக்கெண்ணெய். அப்படியே படியில் உட்கார்ந்து அழுதேன். பயம் போனதால் அழவில்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நீதான் வந்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று நம்பினேன். அது எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

மேல் வளைவுக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் களத்தில் மிளகைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நீங்களா வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஆமாங்க அம்மிணி. எந்திரிச்சிருக்க மாட்டீங்கன்னு வெச்சுப்போட்டு வந்துட்டேனுங்க. ஏனுங்க, பழம் சரியில்லீங்களா?"

அவர் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. கதையும் முழுதாகத் தெரியாது. எனக்குச் சுளை எடுத்து வைக்கத் தானாகத் தோன்றியதா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையை ஆட்டினார். நீ சொல்லிவிட்டுப் போனாயாம். கார்த்திகையிலேயே உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டதாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவரிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாயாம்.

"'வார வருசம் மொதப் பழம் அறுத்தா அவளுக்குச் சொளை எடுத்துக் குடுத்துருங்க. வெளக்கெண்ணெதான் தடவோணும், வேற எண்ணெயத் தொட்டுறாதீங்க'ன்னாளுங்க. எந்த எண்ணெயா இருந்தா என்ன புள்ளன்னு கேட்டேன். 'அவளுக்குத் தெரியும்'னுட்டா."

நானும் களத்தில் இறங்கினேன். கொஞ்ச நேரம் மிளகைக் கிளறிவிட்டோம்.

வழியில் இருக்கும் மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன், வா, வந்து பழம் சாப்பிட்டுவிட்டுப் போ, நான் வரவில்லை என்று. கோபப்பட்டான். படட்டும். அந்த ஃபோன் ஆள் யாரென்று இன்றுவரை தெரியாது. நாளைக்கே அவன் வரலாம். பயம் ஒன்றும் குறையவில்லை, சாயங்காலம் ஆனால் தாழை இரண்டு தடவை தொட்டுப் பார்ப்பேன். எது வந்தாலும் குனிந்து முகர்ந்து பார்க்கத் தெரியும், அவ்வளவுதான்.

உன்னைக் கேலி செய்துகொண்டே இருந்தேன், முடிவு தெரியாமல் படிக்கத் தைரியம் இல்லாதவள் என்று. கார்த்திகை முழுவதும் என் அடுப்படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு, அந்த மாப்பிள்ளை கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லிச் சிரித்தாயே. அப்போது நீ நம் கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்திருந்தாய். என்னிடம் சொல்லவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். விளக்கெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை.