ஆறு மொட்டையும் ஒரு ஆல்பமும்

அன்பு மகன் ஆகாஷுக்கு அம்மா எழுதச் சொல்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை தர்ஷினியும் சுகம், நீயும் மருமகள் மீனாவும் பேத்தி எழில்மதியும் புனேயில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க மலைச்சாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். வழக்கம்போல நான் சொல்லத் தர்ஷினி எழுதுகிறாள். போனில் பேசினால் மீனா காதில் விழும் என்றுதான் உன் கம்பெனி விலாசத்துக்குக் கடிதம் போடுகிறேன், பயப்படாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

பாப்பாவின் காதுகுத்து ஆல்பத்தில் ஒரு தப்பு நடந்துவிட்டது. ஒன்பதாவதோடு நின்றவள் என்றாலும் தர்ஷினி தான் சேர்ந்த போட்டோ ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் வேலையை நன்றாகவே பிடித்துக்கொண்டாள், இதை எழுத மாட்டேன் என்கிறாள், எழுதுடி என்றேன். அந்தக் கம்ப்யூட்டர் ஆயிரத்தெண்ணூறு போட்டோவையும் முகம் பார்த்து ஆளுக்கு ஒரு கட்டாகப் பிரித்து வைக்குமாம். அன்றைக்கு வெள்ளிமலைக் கோயிலில் ஆறு ஆம்பளைகள் மொட்டையடித்து மீசையும் எடுத்துத் தலை நிறையச் சந்தனம் பூசி நின்றார்களே, அது குழம்பிப்போய் இவரும் அவரும் ஒரே ஆளா என்று கேட்டிருக்கிறது. ஓனரிடம் கேட்க வெட்கப்பட்டு இவள் ஆமாம் என்று அமுக்கிவிட்டாள். மீனாவின் அண்ணன் ராஜேஷ்குமாருடைய போட்டோக் கட்டுக்குள் உன் சித்தப்பா கொளஞ்சியப்பன் போய் விழுந்துவிட்டார். ராஜேஷ்குமார் குளிக்கப் போன நேரம் சித்தப்பா சும்மா குழந்தையை வைத்திருந்த படத்தை எடுத்து, பின்னாலிருந்த பிளாஸ்டிக் பக்கெட்டை அழித்து, மொட்டையின் பளபளப்பைக் குறைத்து, அட்டையில் தாய்மாமன் மடியில் என்று போட்டு, நைனார்பாளையத்தில் அந்தத் தாய்மாமன் வீட்டுக்கே ஒரு ஆல்பத்தை அனுப்பிவிட்டாள் இவள்.

நம் வீட்டு ஆல்பத்தைப் பார்த்ததும் தர்ஷினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். சீர் தூக்கிவந்த மனுஷன் இடத்தில் வேறு ஆளா, மீனா என்ன நினைப்பாள்? கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கவே கூசுகிற தர்ஷினி, சரியான படத்தோடு நைனார்பாளையத்துக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போனாள். இவள் வாயைத் திறப்பதற்குள் ராஜேஷ்குமார், இன்னா புள்ள, அட்டையில நான் எம்மாம் சோக்கா கீறேன், இத்தையே பெருசா போட்டுக் குடு, ஹால்ல மாட்டணும் என்றாராம். இவள் தலையாட்டிவிட்டு வந்து, அதே படத்தில் அவருடைய முகத்தை ஒட்டிச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, மூஞ்சிய இன்னா பண்ண, உங்க சித்தப்பா மாதிரி கீது, பழசையே குடு என்று திருப்பிவிட்டார். அவர் சம்சாரமும் பழசுதான் அவரு ஜாடை என்று சொல்லிவிட்டதாம். இப்போது அவர்கள் ஹாலில் உன் சித்தப்பாதான் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

உங்களுக்கு வரும் ஆல்பத்தில் சரியான படம்தான் இருக்கிறது. ஆனால் பொங்கலுக்கு வரும்போது மீனா அந்தச் சுவரைப் பார்ப்பாள், கூடப் பிறந்தவள் கண்ணுக்குத் தப்பாது. அண்ணனை இளப்பமாக நினைத்துச் செய்ததில்லை என்று முன்னாலேயே பக்குவமாகச் சொல்லிவை. இவள் இரண்டு நாள் சோறு தின்னவில்லை என்பதையும் சொல். பாப்பா காதில் மறக்காமல் எண்ணெய் வையுங்கள். மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

உன் அம்மா,
பெருமாயி

அண்ணா, இது நானாக எழுதுவது. அண்ணி சிரித்தார்களா என்று மட்டும் ஒரு வரி போடு. அதற்குப் பிறகுதான் அவர்களுக்குப் போன் செய்வேன்.
தர்ஷினி